கடைசி ரீலில் புரட்டிப் போடும் தமிழ்ப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதைப் படித்தால் படங்களின் முடிவு தெரிந்துவிடுமா?

சில பதில்களில் தெரிந்துவிடும். முடிவைத் தொடாமல் இந்த வகைப் படங்களைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. அதனால் முடிவை உடைத்துச் சொல்லும் கேள்விகளில் ‘முடிவு உண்டு’ என்று போட்டிருக்கிறேன். அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை என்றால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள், பார்த்த பிறகு வந்து படியுங்கள். மற்றதையெல்லாம் பயப்படாமல் படிக்கலாம்.

கொலைகாரன் யார் என்று கடைசியில் சொல்கிற படமெல்லாம் ட்விஸ்ட் படம்தானே?

இல்லை. ஐந்து பேரைச் சந்தேகத்தில் நிறுத்திவிட்டு, யாரும் கவனிக்காத ஆறாவது ஆளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து “இவன்தான்” என்றால், அது புதிருக்கு விடை, அவ்வளவே. நல்ல ட்விஸ்ட் வந்து விழுந்ததும் அதுவரை நாம் பார்த்த இரண்டு மணி நேரப் படமே வேறு படமாகிவிட வேண்டும். அழுதவன் ஏன் அழுதான், சிரித்தவள் ஏன் சிரித்தாள் என்பதற்கெல்லாம் காரணம் மாறிவிட வேண்டும்.

தமிழ் சினிமாவுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. டிக்கெட் வாங்கும்போதே நாம் நாயகனை நம்பிவிடுகிறோம். போஸ்டரில் இருக்கும் முகத்துக்கு ஏற்கனவே ஒரு குணம் கொடுத்துவிட்டுத்தான் இருக்கையில் போய் உட்காருகிறோம். நம் ஊரின் சிறந்த ட்விஸ்ட் படங்கள் எல்லாம் இந்த நம்பிக்கையைத்தான் முதலாகப் போட்டு விளையாடியிருக்கின்றன. திரைக்கதையில் எதை ஒளித்தார்கள் என்பதைவிட, எந்த நடிகரை எங்கே நிறுத்தினார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சஸ்பென்ஸ் வேறு, ட்விஸ்ட் வேறு என்கிறார்களே, எப்படி?

பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கமல்ஹாசனின் பாத்திரம் என்ன செய்கிறது என்று நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அவனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வருகிற ஸ்ரீதேவிக்குத்தான் தெரியாது. நமக்குத் தெரிந்து, அவளுக்குத் தெரியாததால் வருகிற பதற்றம் சஸ்பென்ஸ். ட்விஸ்ட் படத்தில் இது தலைகீழ்: திரைக்குள் இருக்கும் யாரோ ஒருவருக்கு எல்லாம் தெரியும், நமக்கு மட்டும் தெரியாது.

தமிழில் எந்தப் படத்தில் தொடங்கலாம்?

‘அந்த நாள்’. 1954, ஏவி.எம். தயாரிப்பு. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பிற்காலத்தில் வீணை பாலசந்தர் என்று உலகம் அறிந்த அதே மனிதர். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. ஒரு படத்துக்குப் பத்துப் பாட்டு சர்வசாதாரணமாக இருந்த காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நேரத்தை ஒட்டிக் கதை நடக்கிறது. ஒரு துப்பாக்கிச் சத்தம். ராஜன் என்கிற ரேடியோ எஞ்சினியர் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். அந்த ராஜன் சிவாஜி கணேசன்! படம் தொடங்கிய கையோடு நாயகன் செத்துவிடுகிறார். அதற்குப் பிறகு துப்பறியும் அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்) ஒவ்வொருவரையும் விசாரிக்க, ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு ராஜன் வருகிறார். தம்பி சொல்லும் ராஜன் வேறு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ராஜன் வேறு, மனைவி சொல்லும் ராஜன் வேறு.

பெரிய நட்சத்திரத்தைக் கதையின் நடுவிலேயே கொன்று உலகத்தை அதிரவைத்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960இல்தான் வந்தது. பாலசந்தர் அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே முதல் காட்சியில் கொன்றுவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

‘அந்த நாள்’ முடிவில் அப்படி என்ன இருக்கிறது? (முடிவு உண்டு)

சுட்டது மனைவி உஷா. கணவன் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றன் என்று அவள் தெரிந்துகொண்டுவிட்டாள். தன் கண்டுபிடிப்புக்கு இங்கே ஆதரவு கிடைக்காத கசப்பில், ஜப்பானுக்கு வேலை செய்யத் துணிந்த எஞ்சினியர் அவன்.

இன்று பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமல் போகலாம். உஷாவாக நடித்தவர் பண்டரிபாய். இரண்டு வருஷத்துக்கு முன் ‘பராசக்தி’யில் (1952) சிவாஜிக்கு ஜோடியாக, அவரைத் திருத்தி நல்வழிக்குக் கொண்டுவருகிற பெண்ணாக வந்தவர். அநியாயத்தைத் தட்டிக்கேட்ட குணசேகரன் இங்கே தேசத்துரோகி. அன்பே உருவான அந்தப் பெண்ணின் கையில் இங்கே துப்பாக்கி. 1954இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அழுதுகொண்டிருக்கும் விதவை மேல் ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி பார்த்துக்கொண்டது பண்டரிபாய்க்கு ஏற்கனவே இருந்த பெயர்தான்.

அது குரோசாவாவின் ‘ராஷோமோன்’ காப்பி என்கிறார்களே?

பலர் பலவிதமாகச் சொல்லும் கதை என்ற அமைப்பு ‘ராஷோமோனை’ (1950) நினைவூட்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜப்பானியப் படத்தில் உண்மை இன்னதுதான் என்று கடைசிவரை உறுதியாகாது. அதுதான் அதன் பலம். ‘அந்த நாள்’ உண்மையைக் கண்டுபிடித்துக் கையில் கொடுக்கிறது. ஒன்று உண்மையைப் பற்றிய படம், இன்னொன்று ஒரு மனிதனைப் பற்றிய படம். காப்பி என்கிற ஒரு சொல்லில் இதைத் தள்ளிவிடுவது அநியாயம்.

‘புதிய பறவை’யை ஏன் எல்லாரும் இவ்வளவு தூக்கிப் பேசுகிறார்கள்? (முடிவு உண்டு)

தமிழில் இதுவரை எழுதப்பட்ட கச்சிதமான ட்விஸ்ட் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1964, தாதா மிராசி இயக்கம், சிவாஜியின் சொந்தத் தயாரிப்பு. கப்பலில் ஊர் திரும்பும் பணக்கார இளைஞன் கோபாலுக்கு லதா (சரோஜாதேவி) மேல் காதல் வருகிறது. லதாவும் அவள் அப்பாவும் ஊட்டியில் அவன் பங்களாவிலேயே வந்து தங்குகிறார்கள். ரயிலைக் கண்டாலே கோபால் நடுங்குகிறான். காரணம் கேட்டால், முதல் மனைவி சித்ரா தண்டவாளத்தில் விழுந்து செத்ததைச் சொல்கிறான். நாமும் ஐயோ பாவம் என்கிறோம். கல்யாணம் நெருங்கும் நேரத்தில் சித்ரா (சௌகார் ஜானகி) உயிரோடு வந்து நிற்கிறாள். கூடவே மாமா என்று எம்.ஆர். ராதா வேறு.

“இவள் என் மனைவி இல்லை” என்று கோபால் கதறுகிறான். எந்த ஆதாரத்தைக் காட்டப் போனாலும் அது அவள் பக்கமே சாய்கிறது. நாம் முழு மனசாக கோபால் பக்கம். சொத்துக்கு ஆசைப்பட்ட மோசடிக் கும்பல் என்று நமக்கு உறுதியாகத் தெரிகிறது. சிவாஜி பொய் சொல்வாரா என்ன?

கடைசியில் வேறு வழியே இல்லாமல் அவன் உடைகிறான். இவள் சித்ராவாக இருக்க முடியாது, ஏனென்றால் சித்ரா செத்தது தன் கையால். கோபத்தில் அடித்த அடியில் உயிர் போய்விட, பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டது அவனே. இதைச் சொல்லி முடித்த அடுத்த நிமிஷம் சுற்றி நின்ற அத்தனை பேரும் போலீஸ் என்று தெரிகிறது. மனைவி, மாமா, மாமனார், எல்லாரும். லதா உட்பட.

இந்தத் திட்டத்தின் அழகைப் பாருங்கள். கொலைக்குச் சாட்சி இல்லை. அவனாக ஒப்புக்கொண்டால்தான் உண்டு. அதற்காகச் செத்துப்போனவளை உயிரோடு அனுப்புகிறார்கள். அவள் பொய் என்று நிரூபிக்க அவனிடம் இருப்பது ஒரே ஆதாரம், அது அவனுடைய குற்றம். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவன் தன் நிரபராதித்தனத்துக்குப் போராடப் போராட, தூக்குக் கயிற்றை நோக்கித்தான் நடந்துகொண்டிருக்கிறான்.

இனி ‘எங்கே நிம்மதி’ பாட்டை மறுபடி பாருங்கள். முதல் தடவை அது அபாண்டமாகக் குற்றம் சாட்டப்பட்டவனின் புலம்பல். இரண்டாம் தடவை அது கொலை செய்தவனின் மனசாட்சி. கண்ணதாசன் வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையும் அதேதான், சிவாஜியின் நடையும் கையும் அதேதான். ஆனால் பாட்டு வேறாகிவிட்டது. மேடைக்கு மேடை மிமிக்ரி செய்து சிரித்த அந்த “கோபால்… கோபால்…” கொஞ்சல்கூட அப்படித்தான். வேஷம் போட வந்த போலீஸ்காரி, நடிக்கிற காதலில் நிஜமாகவே விழுந்துகொண்டிருக்கும் குரல் அது. அவளுக்குத் தெரியும், அவனைத் தான் எங்கே கொண்டுபோய் விடப்போகிறோம் என்று.

அதுவும் சொந்தக் கதை இல்லையாமே? (முடிவு உண்டு)

ஆமாம். ‘சேஷ் அங்க்கோ’ (1963) என்ற வங்காளப் படத்தின் தழுவல் அது. அந்தப் படத்துக்கு மூலம் 1958இல் வந்த ஓர் ஆங்கிலப் படம். அதில் குற்றவாளி ஒரு பெண். செத்துப்போன அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து நிற்பான். அண்ணன் தங்கை உறவைக் கணவன் மனைவி உறவாக மாற்றியதிலேயே கதை ஒரு படி ஏறிவிட்டது. அதன்மேல் சிவாஜி கணேசன் என்ற நடிகரின் முழு எடையையும் ஏற்றியது தமிழ்ப் படம். மூலத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் தாராளமாகப் பாருங்கள், ‘புதிய பறவை’யின் மதிப்பு அதனால் குறையாது.

எண்பதுகளில் சொல்லும்படி ஏதாவது உண்டா? (முடிவு உண்டு)

மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984). மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக வந்த சத்யராஜைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அவரைக் காட்டி நம்மைத் திசைதிருப்பிவிட்டு, மோகனைக் கொண்டுவந்து நிறுத்தியதில்தான் வேலை இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு உருகி உருகிப் பாடி வீட்டுப் பெண்கள் எல்லாரும் மருமகனாக நினைத்த மோகன்! அந்தப் புன்னகைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யார் சந்தேகப்படுவார்கள்? இந்தப் படமும் கதைக்கு இத்தாலியப் படம் ஒன்றுக்குக் கடன்பட்டது. மோகனைத் தேர்ந்தெடுத்த கணக்கு மட்டும் நம்முடையது.

‘பீட்சா’வில் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபமாக இருக்கிறது. நியாயம்தானே? (முடிவு உண்டு)

கோபம் புரிகிறது, ஆனால் கார்த்திக் சுப்பராஜ் பக்கம்தான் நான். 2012இல் வந்த அந்தப் படத்தில் பீட்சா டெலிவரி பையன் மைக்கேல் (விஜய் சேதுபதி) ஒரு பங்களாவில் மாட்டிக்கொள்கிறான். ஒன்றன்பின் ஒன்றாகச் சாவு, இருட்டு, கையில் ஒரு டார்ச். நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்ததெல்லாம், வைரத்தை அமுக்குவதற்காக முதலாளியிடம் அவன் அவிழ்த்துவிட்ட கதை.

திரும்பப் போய்ப் பாருங்கள். பங்களாக் காட்சிகள் எல்லாம் மைக்கேல் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வருபவை. கண்ணால் பார்த்தோம் என்று நாம் நினைத்தது உண்மையில் அவன் வாயால் கேட்டது. படம் அதை மறைக்கவே இல்லை. சினிமாவில் ஃப்ளாஷ்பேக் என்றால் நடந்தது என்று ஐம்பது அறுபது வருஷமாக நாம் பழகிவிட்டோம், அந்தப் பழக்கத்தில் கைவைத்துவிட்டார், அதனால்தான் வலிக்கிறது. அப்போது விஜய் சேதுபதி பெரிய ஸ்டார் இல்லை என்பதும் உதவியது. பக்கத்துத் தெருப் பையன் போல ஒரு முகம் நடுங்கிக்கொண்டு சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அதுக்கும் மேலே, பொய் சொன்னவன் நிஜமாகவே பேய் வீட்டுக் கதவைத் தட்டப் போகிற அந்தக் கடைசிக் காட்சி முழுக்கணக்கையும் தீர்த்துவிடுகிறது.

‘த்ரிஷ்யம்’, ‘பாபநாசம்’ இரண்டில் எதை முதலில் பார்க்க வேண்டும்? (முடிவு உண்டு)

இரண்டையும் எடுத்தவர் ஜீத்து ஜோசப்தான். மலையாளம் 2013, தமிழ் 2015. மலையாளம் ஓரளவு புரியும் என்றால் அதையே முதலில் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் நமக்கு எல்லாம் தெரியும் என்று படம் நம்மை நம்பவைக்கிறது. கொலையைப் பார்த்தோம், பிணத்தைப் புதைத்ததைப் பார்த்தோம், ஊர்க்காரர்கள் மனதில் தேதியை மாற்றி ஊன்றுகிற வித்தையையும் பார்த்தோம். சாட்சி சொல்பவர்கள் பொய் சொல்லவே இல்லை, தப்பான தேதியை மனசார நம்புகிறார்கள். இவ்வளவுக்கும் நாம் கூட்டாளிகள். ஆனால் நாயகன் நம்மிடமும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறான். பிணம் இருப்பது அப்போது கட்டிக்கொண்டிருந்த போலீஸ் ஸ்டேஷன் தரைக்கு அடியில். டீக்கடைக்கு எதிரே அந்தக் கட்டடம் மெல்ல எழும்புவது படம் நெடுக நம் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது.

இப்படி மனைவி மக்களிடம்கூடச் சொல்லாத ஒருவன் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. மோகன்லால் காட்டுவதில்லை. கமல் இறந்த பையனின் பெற்றோர் முன்னால் உடைந்து அழுகிறார். தனிக் காட்சியாக அது பெரிய நடிப்பு, ஆனால் அடுத்து வரவேண்டிய முடிவுக்கு அந்த அமைதிதான் பொருந்துகிறது. ‘பாபநாச’த்தின் தனிச்சொத்து ஜெயமோகனின் வசனம். அந்த வட்டாரப் பேச்சில் சுயம்புலிங்கத்தின் குடும்பம் சொந்தக்காரர்கள் போல ஒட்டிக்கொள்கிறது. அதற்காகவே இரண்டாவதாகக் கட்டாயம் பாருங்கள்.

‘துருவங்கள் பதினாறு’ ஒரு தடவையில் புரியவில்லையே?

கார்த்திக் நரேன் இருபதுகளின் தொடக்கத்தில் எடுத்த படம் (2016). முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. காலை இழந்து ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி (ரகுமான்) ஓர் இளைஞனுக்குப் பழைய வழக்கைச் சொல்கிறார். சொல்பவர் யார், கேட்பவர் யார் என்ற இரண்டு கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி பாருங்கள், புரிந்துவிடும்.

‘மகாராஜா’வைக் கொண்டாடலாமா, கூடாதா? (முடிவு உண்டு)

நித்திலன் சாமிநாதன் இயக்கி 2024இல் வந்த படம். சலூன் கடைக்காரர் மகாராஜா (விஜய் சேதுபதி) போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து “லட்சுமியைக் காணோம்” என்கிறார். லட்சுமி ஒரு இரும்புக் குப்பைத் தொட்டி. போலீஸ் சிரிக்கிறது, அறைகிறது, பைத்தியம் என்கிறது. நாமும் சேர்ந்து சிரிக்கிறோம், பிறகு அந்தச் சிரிப்புக்காகவே கூசிப்போகிறோம். மகள் ஜோதிக்கு நடந்த கொடுமைக்குக் காரணமானவர்களைத் தேடித்தான் அவர் அங்கே வந்திருக்கிறார்.

இதற்கு இணையாக செல்வம் (அனுராக் காஷ்யப்) என்ற கொள்ளைக்காரனின் குடும்பக் கதை ஓடுகிறது. இரண்டும் ஒரே காலம் என்று நினைக்கிறோம். செல்வத்தின் கதை பல வருஷம் பழையது. மகளுக்கு வாங்கிய நகையை அவன் சலூனில் மறந்துவிட்டுப் போக, நேர்மையாகத் திருப்பிக் கொடுக்க வந்தார் மகாராஜா. அதே நேரத்தில் போலீஸும் வந்துவிட, இவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று செல்வம் முடிவு கட்டிவிட்டான். ஜெயிலிலிருந்து வந்து பழிவாங்கியவன், அந்தக் கொடுமைக்கு ஆளானவள் தன் சொந்த மகள் என்று கடைசியில் அறிகிறான். விபத்தில் குப்பைத் தொட்டி கவிழ்ந்து உயிர்பிழைத்த குழந்தை அவனுடையது. தன் மனைவியையும் மகளையும் அதே விபத்தில் இழந்த மகாராஜா அவளை எடுத்து வளர்த்திருக்கிறார்.

கட்டமைப்பு அபாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அதிர்ச்சியின் விலையை ஒரு பெண்ணின் உடல் கொடுக்கிறது. பாலியல் வன்முறையை முடிச்சாகப் போட்டு ஆண்கள் இரண்டு பேரின் கணக்கைத் தீர்ப்பது சரியா என்று கேட்டவர்களின் கேள்வி நியாயமானது. ஜோதி நேரில் வந்து அந்த மனிதனைப் பார்த்துப் பேசுகிற காட்சி ஓரளவு அதற்குப் பதில் சொல்கிறது. முழுமையாகச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்க்கிற படம் இல்லை இது.

முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் படம் வீண்தானா?

2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு தெரிந்து சிறுகதை படித்தவர்கள் அதைக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று வந்தது. ‘புதிய பறவை’யைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆனாலும் முதல் தடவையின் அதிர்ச்சி ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அதை அடுத்தவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை. ‘சைக்கோ’ வந்தபோது படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். இன்று ரிலீஸ் அன்று காலை பத்து மணிக்கே க்ளைமாக்ஸை போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒருவர் எழுதியது அது.

எந்த மாதிரி ட்விஸ்ட் எரிச்சலூட்டும்?

எல்லாம் கனவு என்று முடிப்பது. அதுவரை வாடையே காட்டாத இரட்டைச் சகோதரனைக் கடைசியில் இறக்குவது. வில்லன் பத்து நிமிஷம் நின்று தன் திட்டம் முழுவதையும் தானே விளக்குவது. சமீபத்தில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது: ஒரு ட்விஸ்ட் போதாது என்று கடைசி அரைமணியில் நாலைந்தை அடுக்குவது. மூன்றாவது வரும்போதே நாம் யாரையும் நம்புவதை நிறுத்திவிடுகிறோம். நம்பாதவனை எப்படி ஏமாற்ற முடியும்?

ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது, ஒரே படம் சொல்லுங்கள்.

‘அந்த நாள்’. ‘புதிய பறவை’தான் இதைவிடக் கச்சிதமானது என்று மேலே நானே சொல்லியிருக்கிறேன், ஆனால் அதைப் பார்த்தால் மறுநாளும் ஒருமுறை பார்க்கத் தோன்றும், அதற்கு இரண்டு ராத்திரி வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்று தயங்க வேண்டாம். பாட்டே இல்லாததால் ஓட்டி ஓட்டிப் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த முதல் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து பாருங்கள். இடையில் யாராவது உள்ளே வந்து “யாரு சுட்டது?” என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.